மணியாச்சியில் மெயின் லைன் எது, கிளை எது?

கரிசல்மண்:
போன வாரம் இன்னொரு இழையில் ஒரு நண்பர், "1911-ல ஒரு துப்பாக்கிச் சத்தம் கேட்டுச்சு, அதுக்கப்புறம் மணியாச்சியில ஒண்ணுமே நடக்கல"ன்னு எழுதியிருந்தார். அங்கேயே பதில் போட்டா பேச்சு திசை மாறிடும்னு தனி இழை திறக்கிறேன்.

எனக்கு ரொம்ப நாளா ஒரு கேள்வி. 1911-ல மணியாச்சி ஸ்டேஷன்ல வாஞ்சிநாதன் சுட்டுக்கொன்ன ஆஷ், திருநெல்வேலி கலெக்டர். திருநெல்வேலியில வண்டி ஏறி கொடைக்கானலுக்குப் போறார். இன்னைக்கு நெல்லையில வடக்கே போற வண்டியில ஏறினா நேரா கொடைக்கானல் ரோடுல இறங்கிக்கலாம். அவர் எதுக்குய்யா சுத்திலும் பருத்திக்காடா கிடக்கிற மணியாச்சியில போய் காத்துக்கிடந்தார்? வாஞ்சிநாதனும் ஏன் அந்த ஸ்டேஷனைத் தேர்ந்தெடுத்தார்? ரயில் விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கொழும்புமெயில்:
நல்ல கேள்வி. அன்னைக்கு திருநெல்வேலி மெயின் லைன்ல இல்லை. விடை அவ்வளவுதான். ஆனா விளக்கமாச் சொன்னாத்தான் ருசி.

தென்னிந்திய ரயில்வே கம்பெனி மதுரைக்குத் தெற்கே பாதை போட்டப்போ அவங்க கண்ணு தூத்துக்குடி மேல இருந்துச்சு. பருத்தி ஏத்துமதி ஆகிற துறைமுகம், கொழும்புக்குக் கப்பல் போற இடம். மதுரை–தூத்துக்குடி மீட்டர் கேஜ் பாதை 1876 ஜனவரி 1-ம் தேதி திறந்தாச்சு. அதே வருஷம் மணியாச்சியில இருந்து திருநெல்வேலிக்கு ஒரு கிளை பிரிச்சாங்க. ஜில்லாத் தலைநகரம் கிளையில, துறைமுகம் மெயின்ல. கம்பெனிக்காரன் கணக்கு அப்படி.

சென்னையில இருந்து கொழும்பு போறவங்களுக்கு 'போட் மெயில்' தூத்துக்குடி வரைக்கும் ஓடும். அங்கே கடல் ஆழம் கம்மி. பெரிய கப்பல் கரைக்கு வராம தள்ளி நங்கூரம் போட்டு நிக்கும், பயணிகளைப் படகுல கொண்டுபோய் ஏத்துவாங்க. திரும்பி வர்ற போட் மெயில் தூத்துக்குடியில கிளம்பி மணியாச்சி, மதுரை வழியா சென்னை போகும்.

இப்போ 1911 ஜூன் 17-க்கு வாங்க. ஆஷும் அவர் மனைவி மேரியும் காலை 9.30-க்கு திருநெல்வேலியில மணியாச்சி மெயில்ல ஏறினாங்க. பேரைப் பாருங்க, வண்டி மணியாச்சி வரைக்கும்தான். 10.38-க்கு மணியாச்சி வந்துட்டாங்க. தூத்துக்குடியில இருந்து போட் மெயில் வர வேண்டிய நேரம் 10.48. முதல் வகுப்புப் பெட்டியில எதிரெதிரே உட்கார்ந்து காத்திருந்தாங்க. நடுவுல இருந்தது பத்தே நிமிஷம், அதுலதான் எல்லாம் நடந்து முடிஞ்சுது. வாஞ்சி பெட்டிக்குள்ள ஏறி பெல்ஜியம் பிரவுனிங் பிஸ்டலால நெஞ்சுல சுட்டுட்டு, பிளாட்பாரத்துல ஓடி கக்கூஸுக்குள்ள நுழைஞ்சு தன்னையும் சுட்டுக்கிட்டார்.

கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனுக்கு அப்போ அம்மையநாயக்கனூர்னு பேரு, மதுரைக்கு வடக்கே இதே மெயின் லைன்ல. அதனால ஆஷுக்கு போட் மெயில்தான் வழி. கலெக்டரா இருந்தாலும் கவர்னரா இருந்தாலும் திருநெல்வேலியில இருந்து வடக்கே போறவன் மணியாச்சியில தங்கித்தான் ஆகணும். இவ்வளவு தெளிவா, எல்லாருக்கும் தெரிஞ்ச அட்டவணைப்படி ஒரு அதிகாரி ஓரிடத்துல நிப்பார்னா, குறி வைக்கிறவனுக்கு அதைவிட என்ன வேணும்?

பாளைமேடை:
ஆஷை விடுங்க. அவர் 1908-ல தூத்துக்குடியில இருந்தப்போ வ.உ.சி.க்கும் கோரல் மில் தொழிலாளிகளுக்கும் என்ன பண்ணார்னு பேசணும். சமூக வலைத்தளத்துல அவரை நல்லவராக்கி ஒரு கூட்டம் எழுதிக்கிட்டு இருக்கு…

மட்டுறுத்துநர்:
அந்த விவாதத்துக்கு ஏற்கெனவே முப்பது பக்கத்துக்கு ஓர் இழை இருக்கிறது, யாரும் யாரையும் மாற்றியதாகத் தெரியவில்லை. இங்கே ரயில் மட்டும். சாதிப் பேச்சு வந்தால் பதிவை நீக்குவேன்.

குற்றாலச்சாரல்:
கொழும்புமெயில் அண்ணாச்சி சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கிடுங்க. வாஞ்சி செங்கோட்டைக்காரர், திருவாங்கூர் வனத்துறையில புனலூர்ப் பக்கம் வேலை. புனலூர்–செங்கோட்டை மலைப்பாதை 1904-ல திறந்து, அந்தப் பாதை முழுசும் திருநெல்வேலியோட சேர்ந்தது. விருதுநகர்–தென்காசிப் பாதை கிடையவே கிடையாது, அது 1927-லதான் வந்துச்சு. அப்போ 1904-ல இருந்து 1927 வரைக்கும் கொல்லத்துல இருந்து மெட்ராஸுக்கு ரயில்ல போகணும்னா எப்படி? செங்கோட்டை, அம்பாசமுத்திரம், திருநெல்வேலி, அப்புறம் மணியாச்சி. வேற வழியே இல்ல.

ஆக, 1911-ல மணியாச்சியைக் கடக்காம போனவன் யாரு? கொழும்புக்காரன், கொல்லத்துக்காரன், தூத்துக்குடிக்காரன், திருநெல்வேலிக்காரன் அத்தனை பேரும் அங்கே வந்துதான் பிரிஞ்சான். தெற்கத்திச் சீமையோட முச்சந்தி அது.

நெல்லைவாசி:
படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நீங்க சொல்ற பெருமை எல்லாம் 1927-லயே முடிஞ்சு போச்சே? நான் மாசத்துக்கு ரெண்டு தடவை நெல்லை–தூத்துக்குடி போறவன். பஸ் ஒரு மணி நேரத்துல விட்டுடுது. ரயில்ல போனா வடகிழக்கே மணியாச்சி வரைக்கும் ஏறிப் போய், அங்க நின்னு, மறுபடி தென்கிழக்கே இறங்கி வரணும். மேப்பைப் பார்த்தா சிரிப்பு வரும். ஊரும் ஸ்டேஷனைச் சுத்தி வளரல. ஒரு ஜங்ஷன் இருந்தா ஊரு பெருகும்பாங்க. விழுப்புரம் பெருகிச்சு, மணியாச்சி பெருகலையே?

கொழும்புமெயில்:
பெருகாததுக்குக் காரணம் நீங்க சொன்ன அந்த வருஷங்கள்லயே இருக்கு. 1914 பிப்ரவரியில பாம்பன் பாலம் திறந்துச்சு. கொழும்புப் பயணிகள் எல்லாரும் மானாமதுரை வழியா தனுஷ்கோடிக்கு மாறிட்டாங்க, அங்கிருந்து தலைமன்னார் வெறும் ரெண்டு மணி நேரக் கடல். போட் மெயில் மணியாச்சியை விட்டுப் போச்சு. 1927-ல தென்காசிப் பாதை வந்து கொல்லத்துக் கூட்டத்தையும் பிரிச்சுக்கிட்டுப் போச்சு. பதிமூணு வருஷத்துல ரெண்டு அடி. மிச்சம் இருந்தது ரெண்டு பக்கமும் முப்பது முப்பது கிலோமீட்டர்ல இருக்கிற ரெண்டு ஊரு. அதுல எந்த ஊர்க்காரனும் மணியாச்சியில வீடு கட்ட மாட்டான்.

விழுப்புரத்துல பாதை பிரியுறதோட டவுனும் இருக்கு, ரோடும் சேருது. இங்கே நெல்லை–கோவில்பட்டி நெடுஞ்சாலை கயத்தாறு வழியா மேற்கே ஒதுங்கிப் போயிடுச்சு. ஓட்டப்பிடாரம் பக்கத்து ஊர், தாலுகாவும் அதுதான். ஸ்டேஷன் மட்டும் தனியா நின்னுச்சு.

லூப்லைன்:
நெல்லைவாசி சிரிக்கிற அந்தக் கோணல்தான் எனக்குப் பிடிச்ச விஷயம், அதனால கொஞ்சம் நீட்டி எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

கடம்பூர்ல இருந்து தெற்கே வர்ற பாதை மணியாச்சிக்கு வந்து கவட்டை மாதிரி ரெண்டாப் பிரியுது. ஒரு கால் நாரைக்கிணறு, கங்கைகொண்டான், தாழையூத்து வழியா நெல்லைக்கு. இன்னொண்ணு தட்டப்பாறை, மீளவிட்டான் வழியா தூத்துக்குடிக்கு. ரெண்டு காலும் தெற்குப் பக்கம்தான் பார்க்குது. அதனால மதுரையில இருந்து வர்ற வண்டி எந்தப் பக்கம் போனாலும் பிரச்சினை இல்லை. நெல்லையில இருந்து தூத்துக்குடிக்குப் போற வண்டிக்குத்தான் சிக்கல், வந்த திசையிலயே திரும்பணும்.

எஞ்சின் வண்டியில எப்படி நடக்கும்னா: வண்டி வந்து நிக்கும். பாயிண்ட்ஸ்மேன் தண்டவாளத்துல இறங்கி எஞ்சினுக்கும் முதல் பெட்டிக்கும் நடுவுல குனிஞ்சு நுழைவார். முதல்ல பிரேக் ஹோஸ் பைப்பை மூடி கழட்டணும், காத்து 'புஸ்'ஸுனு போகும். அப்புறம் எஞ்சினையும் பெட்டியையும் இணைக்கிற கப்ளிங். எஞ்சின் தனியா முன்னாடி போய், பாயிண்ட் மாத்தினதும் பக்கத்துல இருக்கிற லூப் லைன்ல (துணைப் பாதையில) பின்னோக்கி ஓடி, வண்டியோட வால் பக்கம் வந்து மெதுவா இடிச்சு ஒட்டும். மறுபடி கப்ளிங், ஹோஸ் பைப், பிரஷர் ஏறுற வரைக்கும் காத்திருப்பு, பிரேக் சோதனை. கடைசிப் பெட்டியில இருந்த 'எக்ஸ்' குறிப் பலகையும் விளக்கும் இந்தப் பக்கத்துக்கு வரணும், கார்டும் தன் சாமான் பெட்டியைத் தூக்கிக்கிட்டு நடந்து இந்தக் கோடிக்கு வரணும். சுறுசுறுப்பா செஞ்சாலும் கால் மணி நேரம் போயிடும். ஜன்னலோரம் உட்கார்ந்தவன் காத்தோட்டமா முன்னாடி பார்த்துக்கிட்டு வந்திருப்பான், மணியாச்சியில இருந்து முதுகுப் பக்கமா போவான்.

மீட்டர் கேஜ் காலத்துல இன்னும் வேடிக்கை. ஒத்தை லைன், டோக்கன் முறை. அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் பாதை காலின்னு சொல்ற அத்தாட்சி ஒரு இரும்புப் பந்து. ரெண்டு ஸ்டேஷன்லயும் இருக்கிற நீல்ஸ் கருவியில ஒரு நேரத்துல ஒண்ணுதான் வெளிய வரும். அதைப் பிரம்பு வளையத்துல கோத்த பைக்குள்ள போட்டு டிரைவர்கிட்ட கொடுப்பாங்க. மணியாச்சியில மூணு திசை, அதனால மூணு கருவி. ஒரே நேரத்துல மூணு பக்கமும் வண்டி கேட்டா ஸ்டேஷன் மாஸ்டர் பாடு திண்டாட்டம்தான். நடுவுல ஸ்டீம் எஞ்சினுக்குத் தண்ணி வேற பிடிக்கணும், அதுவும் இந்த வறண்ட பூமியில.

முத்துச்சிப்பி:
லூப்லைன் சொன்ன அந்த 'புஸ்' சத்தம் தூத்துக்குடிக்காரங்க எல்லாருக்கும் தாலாட்டு. எங்களுக்கு லிங்க் எக்ஸ்பிரஸ் தெரியும்ல? சென்னை–குருவாயூர் எக்ஸ்பிரஸுக்கு தூத்துக்குடி பெட்டிகள் மணியாச்சியில சேரும். கோயம்புத்தூர் போற நாகர்கோவில் வண்டிக்கும் அப்படித்தான், ராத்திரி நேரத்துல. தூத்துக்குடியில ஒரு குட்டி வண்டியா நாங்க கிளம்பி வந்து மணியாச்சியில ஓரமா நிப்போம். நாகர்கோவில் பக்கத்து வண்டி வரும். எங்க பெட்டிகளை இழுத்துக்கொண்டு போய் அதுல ஒட்டுவாங்க. ஒட்டுறப்போ ஒரு குலுக்கு. மேல் பெர்த்துல படுத்திருக்கிற சித்தப்பா "மணியாச்சி வந்துட்டா?"ன்னு கண்ணைத் திறக்காமலே கேப்பார்.

திரும்பி வரும்போதுதான் கூத்து. எந்தப் பெட்டி தூத்துக்குடி, எந்தப் பெட்டி நாகர்கோவில்னு பார்க்காம ஏறினவங்க மணியாச்சியில பெட்டிப் படுக்கையோட பிளாட்பாரத்துல ஓடுவாங்க. "தூத்துக்குடிக்காரங்க இந்தப் பக்கம், இந்தப் பக்கம்"னு சக பயணிகளே சத்தம் போடுவோம். எல்லாம் கொரோனாவோட போச்சு. ஊரடங்கு முடிஞ்சு வண்டிகள் திரும்பி வந்தப்போ லிங்க் பெட்டிகள் வரல.

கரிசல்மண்:
லிங்க் எதுக்கு வேணும்? தூத்துக்குடிக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸ் இருக்கு, மைசூர் வண்டி இருக்கு. 2024-ல மேட்டுப்பாளையம் வண்டியும் விட்டாங்க, வாரத்துல ரெண்டு நாள். அதே வருஷம் ஆகஸ்ட்ல பாலருவி எக்ஸ்பிரஸை நெல்லையில இருந்து தூத்துக்குடி வரைக்கும் நீட்டினாங்க, இப்போ தென்காசி, புனலூர், கொல்லம், பாலக்காடு எல்லாம் ஒரே வண்டி. குற்றாலச்சாரல் சொன்ன அந்தப் பழைய கொல்லத்துப் பாதை ஒரு வகையில மணியாச்சிக்கே திரும்பி வந்துட்டுது.

முத்துச்சிப்பி:
கரிசல்மண் தம்பி, வாரத்துக்கு ரெண்டு நாள் வண்டி தினசரி வண்டிக்கு மாத்து ஆகுமா? பகல்ல சென்னை போறதுக்கு குருவாயூர் லிங்க்தான் இருந்துச்சு. முத்துநகர் ராத்திரி வண்டி. ஆஸ்பத்திரிக்கு வயசானவங்களைக் கூட்டிட்டுப் போறவங்க, கைக்குழந்தைக்காரங்க பகல் வண்டிதான் கேப்பாங்க. இப்போ அவங்க மணியாச்சியிலோ கோவில்பட்டியிலோ போய் ஏறணும். மணியாச்சிக்குப் பஸ் எத்தனை இருக்குன்னு போய்ப் பாருங்க.

நெல்லைவாசி:
அதைத்தானே நானும் சொல்றேன். அது மாறி ஏறுறதுக்கு மட்டும் இருந்த ஸ்டேஷன். மாறி ஏறுறது நின்னா ஸ்டேஷனுக்கு வேலை இல்லை. வந்தே பாரத் நிக்காம பறக்குது. ரெட்டைப் பாதை போட்டாச்சு, மின்மயம் ஆச்சு. இனி மணியாச்சி ஒரு பெயர்ப் பலகை, அவ்வளவுதான். வாஞ்சி பெயர் இருக்கு, மரியாதை. அதுக்கு மேல என்ன?

ஓட்டப்பிடாரத்தான்:
2023 டிசம்பரை மறந்துட்டீங்களா நெல்லைவாசி?

டிசம்பர் 17 ராத்திரி திருச்செந்தூர்ல கிளம்பின சென்னை எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்துல நின்னுடுச்சு. எண்ணூறு பேர் பக்கம் உள்ளே. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை கொட்டின நாள் அது. ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டி செய்துங்கநல்லூர்ப் பக்கம் ஜல்லியும் மண்ணும் அடிச்சுட்டுப் போய், தண்டவாளம் ஸ்லீப்பரோட அந்தரத்துல தொங்குச்சு. அந்தப் படத்தை எல்லாரும் பார்த்திருப்பீங்க. ஸ்ரீவைகுண்டத்துலயே சிவப்பு காட்டி நிறுத்தினதாலதான் எண்ணூறு உசிரு தப்பிச்சுது. கொஞ்சப் பேரை முன்னாடியே பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாத்தினாங்க, மீதிப் பேர் ஸ்டேஷன்லயே ரெண்டு ராத்திரி. ஊர்க்காரங்க தங்களுக்கே இல்லாத நேரத்துல அரிசி பருப்பு கொண்டுபோய்ப் பொங்கிப் போட்டாங்க.

19-ம் தேதி அவங்களை வெளிய கொண்டு வந்தப்போ எங்கே கொண்டு வந்து ரயில் ஏத்தினாங்க? நெல்லை ஜங்ஷன்ல தண்டவாளமே தெரியாம தண்ணி. தூத்துக்குடி ஊரே மிதக்குது. வெள்ளூர் வரைக்கும் நடத்திக் கூட்டி வந்து, அங்கிருந்து பஸ்ல வாஞ்சி மணியாச்சி. அங்கே சென்னைக்கு ஸ்பெஷல் ரயில் தயாரா நின்னுச்சு. தாமிரபரணியை விட்டு வடக்கே தள்ளி கரிசல் மேட்டுல ஒரு ஜங்ஷன், வண்டியை நிறுத்தி வைக்க லூப் லைன், வடக்கே மதுரைக்கு நல்ல பாதை. அன்னைக்கு அந்த வட்டாரத்துல இது எல்லாம் சேர்ந்து இருந்த ஸ்டேஷன் அதுதான்.

பெயர்ப் பலகைக்குச் ஸ்பெஷல் விட முடியாது.

குற்றாலச்சாரல்:
👏 சரியான அடி.

நெல்லைவாசி:
வெள்ளம் நூறு வருஷத்துக்கு ஒருக்கா. தினசரிப் பயணத்துக்கு அதை வச்சு என்ன பண்ண? நான் கேக்கிறது சாதாரண செவ்வாய்க்கிழமைக்கு.

பாளைமேடை:
சாதாரண செவ்வாய்க்கிழமைக்கு கடம்பூர் போளி இருக்கு. கடம்பூர்ல கூடையோட ஏறுறவங்க அடுத்த ஸ்டேஷன் மணியாச்சிக்குள்ள வித்து முடிக்கப் பார்ப்பாங்க. வடக்கே இருந்து வரும்போது சாத்தூர் வெள்ளரிக்காய், கோவில்பட்டி கடலைமிட்டாய், கடம்பூர் போளின்னு வரிசையா வாங்கித் தின்னுட்டு, மணியாச்சியில தண்ணி குடிக்கணும். தேங்காய்ப் போளியா பருப்புப் போளியான்னு மட்டும் இங்கே ஆரம்பிச்சுடாதீங்க. (தேங்காய்தான்.)

சிக்னல்கிறுக்கன்:
பருப்புதான். சரி, விஷயத்துக்கு வாறேன்.

லிங்க் பெட்டி திரும்ப வரும்னு முத்துச்சிப்பி அக்கா நம்பிட்டு இருக்காதீங்க. அது தூத்துக்குடி மேல கோபம் இல்லை, நாடு முழுக்க நடந்தது. கொரோனா சமயத்துல கால அட்டவணையைப் புதுசாப் போட்டப்போ, வழியில பெட்டியைக் கழட்டி மாட்டுற வழக்கத்தையே ஒழிக்கிறதுன்னு முடிவு பண்ணாங்க. ஒரு இடத்துல அரை மணி நேரம் ஷண்டிங் நடந்தா பின்னாடி வர்ற வண்டிக்கெல்லாம் பாதை அடைபடும்.

அதைவிடப் பெரிய காரணம் பெட்டி. பழைய நீல நிற ஐ.சி.எஃப். பெட்டியில, ஏ.சி. இல்லாததுக்கு, ஒவ்வொண்ணுக்கும் கீழே சொந்த டைனமோவும் பேட்டரியும் உண்டு. எங்கே கழட்டி எங்கே மாட்டினாலும் விளக்கும் ஃபேனும் ஓடும். இப்போ வர்ற எல்.எச்.பி. பெட்டிக்கு மின்சாரம் வண்டியோட கோடியில இருக்கிற பவர் கார்ல இருந்தோ எஞ்சின்ல இருந்தோ வரணும். நடுவுல நாலு பெட்டியைப் பிரிச்சா அந்த நாலுக்கும் தனி ஏற்பாடு வேணும். கப்ளிங்கும் வேற மாதிரி, பழைய பெட்டியோட கலக்க முடியாது. ஆக லிங்க் கேட்டு மனு போட்டா முதல் வரியிலயே தள்ளிடுவாங்க.

ஆனா நெல்லைவாசி சொல்ற "மாறி ஏறுறது நின்னு போச்சு"ங்கிறதையும் நான் ஒத்துக்க மாட்டேன். பெட்டியைத்தான் மாட்ட முடியாது, மனுஷன் இறங்கி ஏறலாமே. 1911-லயும் அதுதானே நடந்துச்சு? கிளை வண்டி 10.38-க்கு வந்துச்சு, மெயில் 10.48-க்கு. பத்து நிமிஷ இடைவெளியை கம்பெனிக்காரன் அட்டவணையிலயே வச்சிருந்தான். இப்போ ரெட்டைப் பாதை இருக்கு, எதிர் வண்டி கடந்து போறதுக்குக் காத்திருக்க வேண்டியது இல்லை. அன்னைக்கு ஒத்தை லைன்ல இரும்புப் பந்தை வச்சுக்கிட்டு செஞ்சதை இன்னைக்குச் செய்றது கஷ்டமா?

முத்துச்சிப்பி:
இது யோசனை. அப்போ தூத்துக்குடியில இருந்து ஒரு மெமு (தனி எஞ்சின் இல்லாத மின்சார வண்டி), குருவாயூர் வர்றதுக்கு முன்னாடி மணியாச்சியில விட்டா போதும்னு சொல்றீங்க?

லூப்லைன்:
மெமுன்னா இன்னும் லேசு. ரெண்டு பக்கமும் டிரைவர் கேபின் இருக்கு, எஞ்சின் சுத்துற வேலையே கிடையாது. நெல்லை–தூத்துக்குடிக்கும் அதே வண்டியை ஓட்டினா நெல்லைவாசி சிரிக்கிற கால் மணி நேரமும் மிச்சம். டிரைவர் இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு நடந்து வர்ற நேரம்தான்.

நெல்லைவாசி:
அப்படி ஒரு வண்டி பஸ்ஸை விடச் சீக்கிரமா விட்டா நானே ஏறுறேன். டிக்கெட் விலையும் பஸ்ல பாதி கூட வராது.

சிக்னல்கிறுக்கன்:
அப்போ மனுவை இப்படி எழுதுங்க. 'லிங்க்'ங்கிற வார்த்தையே வேண்டாம். 'தூத்துக்குடி–வாஞ்சி மணியாச்சி இணைப்பு மெமு'ன்னு தலைப்பு. குருவாயூர் வண்டி ரெண்டு திசையிலயும் மணியாச்சி வர்ற நேரம், அதுக்கு இருபது நிமிஷம் முன்பின்னா கேக்கிற நேரம், ஒரே பிளாட்பாரத்துல எதிரெதிரே நிறுத்தணும்ங்கிற கோரிக்கை. வயசானவங்க மேம்பாலம் ஏற முடியாது, அதைக் கட்டாயம் எழுதுங்க. குருவாயூர் வண்டி தாமதமானா மெமு காத்திருக்கணும்னும் ஒரு வரி சேருங்க, அது இல்லேன்னா மத்தது எல்லாம் வீண். நேரத்தைப் போட்டு வரைவு அனுப்புங்க அக்கா, நான் சரிபார்த்துத் தாரேன்.

முத்துச்சிப்பி:
ஞாயிற்றுக்கிழமைக்குள்ள இங்கேயே போடுறேன். கையெழுத்துக்கு நெல்லைவாசியும் வரணும்.